இருவரும் சுகம்

பிப்ரவரி 3

அன்புச் சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சளி விட்டதா? விடாவிட்டால் மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்காமல் டாக்டரைப் போய்ப் பார்.

ஒருவழியாகப் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்களுக்குத்தான் புதிது. "பழைய வீடு, ஆனா கல்லு மாதிரி நிக்குது" என்று விற்றவர் சொன்னாரே, கல் மாதிரி நிற்பது வாசற்படி மட்டும்தான். மற்றதெல்லாம் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது; நாங்கள் உள்ளே காலை வைத்ததும் விட்டுவிட்டது. முதல் நாள் அலமாரியைச் சுவரில் சாய்த்தோம். ஒரு பாய் அகலத்துக்குக் காரை பெயர்ந்து உன் அண்ணன் தலையில் விழுந்தது. "இப்பதான் வயசுக்கேத்த முடி" என்றேன். தும்மிக்கொண்டே சிரித்தார்.

மூன்று அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு துண்டு நிலம். மழை ஒழுகாதது ஓர் அறைதான் என்று கொத்தனார் கணித்திருக்கிறார். அதனால் அந்த அறையில் கட்டில், அடுப்பு, என் தையல் மெஷின், நாங்கள். ஓர் அறையைச் சரிசெய்து அதற்குக் குடிபோய், விட்டுவந்த அறையை உடைப்பதாகத் திட்டம். ஒரே வீட்டுக்குள் மூன்று தடவை வீடு மாறப் போகிறோம்.

அச்சகத்தில் முப்பது வருடம் எழுத்துக் கோத்த பொறுமை உன் அண்ணனுக்கு இப்போது கைகொடுக்கிறது. ஓடுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். நல்ல ஓடு கணீரென்று பேசுமாம். விரிசல் விட்டது தொண்டை கட்டினது போல இருக்குமாம். இரண்டு வாரமாகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். வயிறு மந்தம் என்கிறார். இவ்வளவு தூசியைத் தின்றால் சோற்றுக்கு இடம் ஏது?

நாற்பத்தொன்பது வயதில் எனக்கென்று ஒரு சுவர். ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். வந்த அன்றே ஒன்று அடித்தேன். காரையோடு கையில் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டுவின் வணக்கம். சளி போய்விட்டது. இருமலுக்கு மட்டும் என்னைப் பிரிய மனமில்லை. உங்கள் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், 'அமைதி' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு. எதிரே இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் நான் வருடத்துக்கு இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனேன். புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நீங்கள். வாடகை வீட்டில் மருந்து வாடையிலேயே உங்கள் வயது போயிற்று. அந்த வீடு உங்களுக்கானது, அண்ணி. நல்ல வெளிச்சமாக வையுங்கள்.

அண்ணனை டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். மந்தம் இரண்டு வாரம் இருக்காது.

உங்கள் சிட்டு

*

ஏப்ரல் 2

அன்புச் சிட்டுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் இருமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. வேலை அப்படி. கோபித்துக்கொள்ளாதே.

நடு அறை முடிந்தது. கரையான் தின்ற உத்தரத்தை மாற்றியாயிற்று. உத்தரம் வெளியே பார்க்க வழுவழுவென்றுதான் இருந்தது. உளியை வைத்ததும் உள்ளே மாவாகக் கொட்டியது. கொத்தனார் கையில் அள்ளிக் காட்டி, "இத்தனை நாளும் பழக்கத்துலதாம்மா நின்னுருக்கு" என்றார்.

சுவர் பூசுவதில் எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது. கலவையை அள்ளி வீசும்போது தயங்கினால் பாதி காலில் விழும். பயப்படாமல் வீசினால் ஒட்டிக்கொள்ளும். உன் அண்ணன் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார். உனக்கு ஒரு வரி எழுதுங்கள் என்றேன், கையெல்லாம் சுண்ணாம்பு என்கிறார். உண்மைதான். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. கழுவும்போதுதான் விரலிடுக்கு எரியும். ஊசியைப் பிடிக்க முடியாமல் இரண்டு பேர் கொடுத்த துணி தைக்காமல் கிடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

*

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

நடு அறை முடிந்தது சந்தோஷம். வேலை முடிந்ததும் கையில் நிறைய எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தடித்த உறை ஒரு ஜோடி இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் கை அளவுதான் எனக்குத் தெரியும். அதையே வாங்கினேன்.

ஏணியில் ஏறும்போது கீழே யாராவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கொத்தனார் இல்லாத நாளில் ஏற வேண்டாம்.

நூலகத்தில் கொஞ்ச நாள் அரைநாள் வேலைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் சில வேலைகள்.

நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? ஒருவருக்காகச் சமைப்பது அலுப்பாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். எனக்கே அப்படித்தான், அதைச் சொன்னேன்.

உங்கள் சிட்டு

*

மே 27

அன்புச் சிட்டுவுக்கு,

இருவரும் சுகமாக இருக்கிறோம். கையுறை கச்சிதமாக இருக்கிறது. என் அளவில் வாங்கிவிட்டாயே என்று உன் அண்ணன் கேலி செய்தார்.

நான்கு நாள் விடாமல் மழை. கூரை தாங்கிவிட்டது, ஓர் இடம் தவிர. சரியாக என் கட்டிலின் கால்மாட்டில் சொட்டியது. கட்டிலை நகர்த்தினால் அடுப்பை நகர்த்த வேண்டும், அடுப்பை நகர்த்தினால் மெஷினை. கடைசியில் காலை மடக்கிக்கொண்டு படுப்பதே சுலபம் என்று முடிவாயிற்று. மழை விட்டதும் கொத்தனார் மேலே ஏறிப் பார்த்தார். "ஒரே ஒரு ஓடு தலைகீழா இருக்கு. யாரு போட்டது?" உன் அண்ணன் எவ்வளவு ஜோராகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் என்கிறாய்! "வீட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு" என்று சமாளித்தார். இப்போது முன் அறைக் கதவைச் சுரண்டுகிறார். ஏழு பூச்சு வண்ணம் வந்துவிட்டது, மரம் இன்னும் வரவில்லை.

சிட்டு, ஒன்று கேட்கிறேன். உன் அண்ணன் உனக்குத் தனியாகக் கடிதம் ஏதும் எழுதினாரா? என்னை வியக்கவைக்க இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது திட்டம் போட்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மழையில் நனையாதே.

உன் அண்ணி

*

ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணனிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை மனசுக்குள், ஒரு தடவை வாய்விட்டு. திருஷ்டிப் பொட்டுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது.

இன்று அதிகம் எழுத முடியவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் சிட்டு

*

ஜூலை 15

அன்புச் சிட்டுவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உனக்கு நான்கு மாதமாகப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் இங்கே இல்லை. பிப்ரவரி 26ஆம் தேதி காலையில் போய்விட்டார்.

அதற்கு முந்தின வாரம் கதவுக்குக் கீல் வாங்கப் போகிறேன் என்று டவுனுக்குப் போனவர் வெறும் கையோடு திரும்பினார். ஒரு வாரம் பேச்சே இல்லை. அன்று காலை ஏணியைப் பிடிக்கக் கூப்பிட்டேன். கையிலிருந்த சுத்தியலைத் தூக்கி எறிந்தார். "இந்த வீடும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இடிஞ்ச வீட்டுல உன்னோட உக்காந்து தூசி திங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று கத்தினார். உன் அண்ணன் கத்தி நீ கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்ப போங்களேன்" என்றேன்.

நான்தான் சொன்னேன், சிட்டு. அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்துவிடுவார் என்று இரண்டு பேருக்கும் சமைத்துவைத்தேன்.

முப்பது வருடத்துக்குப் பிறகு புருஷன் விட்டுவிட்டுப் போனான் என்று அவர் தங்கைக்கே எப்படி எழுதுவது? அதனால் அவர் பெயரில் நானே வேலை செய்தேன். கூரை நான் போட்டது. தலைகீழ் ஓடும் நான் போட்டதுதான்.

இதையெல்லாம் இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று முன் அறைச் சுவரை முடித்தேன். கொத்தனார் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் டீ குடிக்க உட்கார்ந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் குறை இல்லை என்று அர்த்தம். அந்தச் சுவரை நான் பூசினேன் என்று இந்த உலகத்தில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அவர் உன் பக்கம் எப்போதாவது வந்தால் கதவு பூட்டவில்லை என்று சொல்.

உன் அண்ணி

*

ஜூலை 20

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

அண்ணன் இங்கேதான் இருக்கிறார். பிப்ரவரி 27ஆம் தேதியிலிருந்து என் வீட்டில், சன்னலோரக் கட்டிலில். கல்லீரலில் கட்டி. கீல் வாங்கப் போன அன்று டாக்டரைப் பார்த்திருக்கிறார். இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். இனி வலிக்கு மட்டும் மருந்து தரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வந்த அன்றே என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "ஒன்பது வருஷம் அம்மாவுக்குப் பார்த்தா. இப்பதான் அவளுக்குன்னு ஒரு வீடு வந்திருக்கு. அங்கேயும் போய் நான் கட்டில்ல கிடக்கணுமா? என்மேல கோவமா இருக்கட்டும். கோவம்னா சீக்கிரம் தேறிடுவா" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அம்மா விஷயத்தில் நான் பட்ட கடனை இப்படியாவது தீர்க்கலாம் என்று முட்டாள்தனமாக நினைத்தேன்.

உங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஏப்ரல் கடிதத்தில் ஊசியைப் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றே சொல்லியிருக்க வேண்டும் நான்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது 'அப்ப போங்களேன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அவ அதைச் சொல்ற வரைக்கும் கத்தணும்னுதான் கத்தினேன், சிட்டு. இன்னும் கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தான்னா நான் அழுதுருப்பேன்" என்றார். அந்தச் சொல்லை இனி நீங்கள் சுமக்க வேண்டாம், அண்ணி.

சத்தியத்தை மீறிவிட்டேன். தபாலில் போட்ட பிறகுதான் அவரிடம் சொல்வேன். உடனே புறப்பட்டு வாருங்கள்.

சிட்டு

*

ஜூலை 24

சிட்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இதை இன்று ராத்திரி பஸ்ஸில் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்; நான் நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன்.

படித்து முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. எனக்கு நோயாளி வேண்டுமா வேண்டாமா என்று அவர் யார் முடிவு செய்ய? நீ யார்? உங்கள் அம்மாவை ஒன்பது வருடம் பார்த்தது யாரோ என் தலையில் கட்டிய வேலை என்றா இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? உங்கள் அம்மா என்னிடம் ஒரு நாளாவது முகம் சுளித்ததுண்டா? நானும் சுளித்ததில்லை.

வீட்டுக்குக் கூட்டிவரப் போகிறேன். வண்டிக்குச் சொல்லிவை. படுத்துக்கொண்டு வரும்படியான வண்டியாக இருக்கட்டும்.

அண்ணி

*

ஆகஸ்ட் 12

சிட்டுவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. உன் அண்ணன் அப்படியே இருக்கிறார். நேற்று இரண்டு வாய் கஞ்சி கூடக் குடித்தார்.

முன் அறையில் கட்டிலைப் போட்டிருக்கிறேன். ஒழுகாத அறை, நல்ல வெளிச்சம். நீ போன மறுநாள் காலை, "என் பேர்ல நீ எழுதின வேலையெல்லாம் காட்டு" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக வந்தார். பத்தடி நடக்கக் கால்மணி நேரம். சுவரைத் தடவினார், விரலால் தட்டிக் காது வைத்தார், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். கடைசியில், "நல்லாத்தான் செஞ்சிருக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற கொத்தனார் வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் அவரைத் திரும்பக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. இவ்வளவு லேசாக இருக்கிறாரே என்று அப்போதுதான் தெரிந்தது.

வேலையை நிறுத்திவிடலாம் என்றேன். கேட்கவில்லை. "சத்தம் இருக்கட்டும். சும்மா கிடந்தா நோயாளி வீடாயிடும்" என்கிறார். அதனால் அவர் படுத்திருக்கும் அறையிலேயே சன்னலுக்கு வண்ணம் அடிக்கிறேன். படுத்தபடி மேஸ்திரி வேலை பார்க்கிறார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற கேள்வி வாய் வரை வரும். அதற்குள் வலி வந்துவிடும். வலியில் கிடக்கிறவரோடு சண்டை போட முடியவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போ. உனக்காகச் சொல்லவில்லை. அவர் வாசலைப் பார்க்கிறார்.

அண்ணி

*

செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

ஆகஸ்ட் 29 சாயங்காலம் தந்தி வந்து நான் ஓடிவந்தபோது அண்ணனைக் கிடத்தியிருந்தீர்கள். எல்லாம் முடிந்து மூன்று நாள் இருந்தேன். பாத்திரம் கழுவினேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே சொல்தான்: "சாப்பிடு." கிளம்பும்போது வாசல்வரை வந்தீர்கள். ஏதாவது திட்டுவீர்கள் என்று நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கொத்தனார்தான் சொன்னார்.

என் வீட்டுச் சன்னலோரக் கட்டிலை இன்னும் பிரிக்கவில்லை. நூலகத்திலிருந்து வரும்போது சாவியைச் சத்தமில்லாமல் திறக்கிறேன், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதென்று. உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வருகிறது.

அண்ணி, உங்களுக்குப் பதில் எழுத மனமில்லை என்றால் வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்புங்கள். முகவரியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் சிட்டு

*

டிசம்பர் 3

சிட்டுவுக்கு,

உடம்பு தேவலை. மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. நீ மெலிந்துபோயிருப்பாய்.

உன் மூன்று கடிதமும் வந்தன. பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். இன்று காலை மூன்றையும் வரிசையாகப் படித்தேன்.

அவர் போன விதத்தை நீ கேட்கவில்லை, நானும் யாருக்கும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் ஏணிமேல் நின்று சன்னல் சட்டத்துக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். "மேல் மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு பாரு" என்றார். பார்த்தேன், விரல்கடை அளவுக்கு விட்டுத்தான் போயிருந்தது. எட்டி அதை அடித்து, வழிந்ததைத் துடைத்து, "இப்ப சரியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்து இன்னும் ஒரு சட்டத்தை அடித்தேன், சிட்டு. முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

அதற்காக என்மேல் எனக்குக் கோபம். உன்மேல் அதைவிட அதிகம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கு நூற்று நாற்பத்தொன்பது நாள் கிடைத்தது. எனக்கு முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தில் பாதி அவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். உன் நாட்களில் அவர் சிரித்திருப்பார், சன்னலோரம் உட்கார்ந்து பேசியிருப்பார், என் கடிதத்தைக் கேட்டுவிட்டு ஏதாவது சொல்லியிருப்பார். அதெல்லாம் உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இந்த மூன்று மாதமும் உன் கடிதத்தைப் பிரிக்கக் கை வராததற்குக் காரணம் அதுதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போதும் வரவில்லை. பொய் எழுதி எழுதி எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் கட்டிலைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் பிரிக்கவில்லை.

கடைசி அறையில் வேலை நடக்கிறது. அதற்குப் புதுக் கதவு வந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒருவர் நிலையோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கீலை முடுக்க வேண்டும். கொத்தனார் தானும் தன் ஆளுமாக வந்து மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ வா. நாலு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வா. அந்த நூற்று நாற்பத்தொன்பது நாளையும் ஒவ்வொரு நாளாக எனக்குச் சொல். என்ன சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எல்லாம். நடுவில் நான் எழுந்து போனாலும் போவேன். நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு.

கனமான கதவு. பிடித்துக்கொண்டு நிற்கத் தெம்பு வேண்டும். பஸ் ஏறும்முன் வயிறாரச் சாப்பிடு.

உன் அண்ணி